மூன்று விரல்கள்

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தோல் ஷாப்புகளின் வாசனை பழக்கமாகியிருக்கும். ஆவாரம்பட்டைக் காலம் போய்க் குரோம் காலம் வந்த பிறகும் அந்தத் தொழிலில் இயந்திரத்திடம் முழுமையாக ஒப்படைக்கப்படாத வேலை ஒன்று உண்டு. தோலைத் தரம் பிரிக்கும் வேலை. ஒருவர் மேசைமுன் நிற்பார். ஒவ்வொரு தோலாக அவர்முன் விரிக்கப்படும். கையால் ஒருமுறை தடவி, ஒருமுறை புரட்டி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு தோலுக்கு அவர் எடுத்துக்கொள்வது சில வினாடிகள். அந்தச் சில வினாடிகளில் விற்க வந்தவனின் ஒரு மாத லாபம் தீர்மானமாகிவிடும்.

விற்க வந்தவன் சும்மா இருப்பதில்லை. "பாய், அது உண்ணி கடிச்ச வடு இல்ல, முள்ளு கீறினது, தேய்ச்சா போயிடும்" என்பான். அனுபவமுள்ளவர் கோபிக்க மாட்டார். தோலை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவார். "இங்க வாங்க. நீங்களே பாருங்க" என்பார். பெரும்பாலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். முடிவு மாறுவது அபூர்வம். ஆனால் விற்க வந்தவன் முணுமுணுத்துக்கொண்டாவது அதை ஏற்றுக்கொண்டு போவான்.

இந்த வெளிச்சத்துக்குப் போகும் வழக்கத்தை நான் முதலில் புரிந்துகொண்டது மண்டியில் அல்ல, ஒரு கூடைப்பந்து மைதானத்தில். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதியில் நடந்த ஒரு போட்டியின் கடைசி ஆட்டம். சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் சோடியம் விளக்கு, கோட்டை ஒட்டி மூன்று வரிசை மனிதர்கள். நேரம் பார்ப்பதற்கு மேசையில் ஒரே ஒரு கைக்கடிகாரம். எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில் எறியப்பட்ட பந்து வளையத்துக்குள் விழுந்தது. விழுவதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டதாக மேசையிலிருந்து கை உயர்ந்தது. நடுவர் சீழ்க்கை ஊதி ஆட்டம் முடிந்ததாக அறிவித்தார். அடுத்த கால்மணி நேரம் அந்த மேசையைச் சுற்றி நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. கூடைப்பந்து பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு இரவு இருக்கும். கூட்டத்தில் ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் ஒருவரும் இருந்தார். எல்லோரும் தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது வேறு. "தப்பா ரைட்டா அப்புறம் இருக்கட்டும்ப்பா. வாட்ச்ச காட்டச் சொல்லுங்க." கடிகாரத்தைக் காட்டவில்லை. அதற்குள் அதன் முள் நகர்ந்துவிட்டிருந்ததோ என்னவோ. அந்த ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு எனக்கு மறந்துவிட்டது. காட்டப்படாத கடிகாரம் மறக்கவில்லை.

தோற்றவர்கள் எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னுடன் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் இந்த விளையாட்டின் வரலாறே ஒரு விடை வைத்திருப்பது தெரிகிறது.

*

உலகின் பெரும்பாலான ஆட்டங்கள் எங்கோ வயல்வெளியிலும் தெருவிலும் தாமாகப் பிறந்து, பின்னால் விதிகளைப் பெற்றுக்கொண்டவை. கூடைப்பந்து அப்படியல்ல. அதற்குப் பிறந்த இடமும் மாதமும் உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் அறைக்குள் அடைபட்டு முரட்டுத்தனமாகிக்கொண்டிருந்த மாணவர்களுக்காக இதை உருவாக்கினார். பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனி விளிம்பில் அடித்து, ஒரு கால்பந்தைக் கொடுத்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். 1892 ஜனவரியில் அவை பள்ளியின் இதழில் அச்சாயின.

அந்த 13 விதிகளை வாசிக்கும்போது கவனத்தை ஈர்ப்பது, அவற்றில் எவ்வளவு பகுதி நடுவர்களைப் பற்றியது என்பதுதான். ஒருவர் ஆட்களுக்கு நீதிபதி. யார் யாரைத் தள்ளினார், பிடித்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டியவர். இன்னொருவர் பந்துக்கு நீதிபதி. பந்து யாருடையது, எப்போது ஆட்டத்தில் இருக்கிறது, கூடையில் விழுந்ததா, நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியவர். பந்து எல்லைக்கு வெளியே போய் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் ஒரு வழி சொல்லப்பட்டிருந்தது. நடுவர் பந்தை நேராக மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும். ஆட்டம் பிறந்தபோதே அதனுடன் தகராறும் பிறக்கும் என்பதை நெய்ஸ்மித் அறிந்திருந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. ஒருவர்மீது ஒருவர் மோதக்கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. ஆனால் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் பத்துப் பேர் ஓடும்போது மோதாமல் இருக்க முடியாது. எனவே ஒவ்வொரு மோதலும் ஒரு கேள்வி. யார் முதலில் அந்த இடத்தில் நின்றார்? யார் மேல் வந்து விழுந்தார்? டென்னிஸில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அளந்துவிடலாம். இங்கே பெரும்பாலான தீர்ப்புகள் அளவீடுகள் அல்ல, வாசிப்புகள். ஒரே கவிதையை இருவர் இருவிதமாக வாசிப்பதைப் போல ஒரே மோதலைப் பார்வையாளர் இருவர் இருவிதமாக வாசிப்பார்கள். நடுவரின் வாசிப்புக்கு மட்டும் சீழ்க்கை இருக்கிறது.

*

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இந்த ஆட்டம் உலகெங்கும் பரவியது ஒய்.எம்.சி.ஏ.வின் கிளைகள் வழியாக. சென்னைக்கும் அந்தப் பள்ளியின் மாணவர் ஒருவர் வந்தார். ஹாரி குரோ பக். 1920-ல் அவர் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியுடனும் அவர் இருந்தார். தமிழகப் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என்றும் 'பி.டி. மாஸ்டர்' என்றும் அழைக்கப்பட்ட தலைமுறைகளில் பலர் அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள்.

வேலூர்ப் பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் இருந்த தொடர்பு இன்னும் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அமெரிக்க ஆற்காடு மிஷன் இங்கே வந்துவிட்டது. 1898-ல் தொடங்கிய ஊரிசுக் கல்லூரி, 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி இரண்டும் அதன் கிளைகள். ஆம்பூரில் அமெரிக்க லுத்தரன் மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியது. வாணியம்பாடியில் தோல் வணிகர்களின் ஆதரவில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது. பள்ளியும் உடற்கல்வி ஆசிரியரும் இருக்கும் ஊரில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் வந்து சேர்வதற்கு அதிக காலம் ஆவதில்லை. கிரிக்கெட்டுக்கு வேண்டிய பெரிய மைதானம் இதற்கு வேண்டாம். ஒரு முற்றம் போதும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவரையும் இங்கே அறிமுகப்படுத்திவிட வேண்டும். ரோம் நகரில் பிறந்தவர், ரெனாட்டோ வில்லியம் ஜோன்ஸ். பக் சென்னைக்கு வந்து சில ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியில் படித்து முடித்து ஐரோப்பாவுக்குத் திரும்பியவர். 1932-ல் ஃபீபா என்னும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். அடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதன் பொதுச்செயலாளர். 1936 பெர்லினில் கூடைப்பந்து ஒலிம்பிக் ஆட்டமானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் உயர்த்திய மூன்று விரல்களுக்காக.

*

1972, மியூனிக். செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய பயங்கரத்தில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்திருந்தனர். ஒலிம்பிக் ஒரு நாள் நின்று மீண்டும் தொடர்ந்தது. அந்தக் கனத்த சூழலில் கூடைப்பந்து இறுதியாட்டம் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக மியூனிக் நேரப்படி செப்டம்பர் 9 இரவு 11.45-க்குத் தொடங்கினார்கள். 1936 முதல் நடந்த ஏழு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற அமெரிக்கா ஒரு பக்கம். அதுவரை ஒலிம்பிக்கில் அவர்கள் 63 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்றதில்லை. மறுபக்கம் சோவியத் ஒன்றியம்.

ஆட்டத்தின் பெரும்பகுதி சோவியத் அணிதான் முன்னிலையில் இருந்தது. ஒரு கட்டத்தில் 10 புள்ளி வித்தியாசம். கடைசி நிமிடங்களில் அமெரிக்கா துரத்தி வந்தது. 49-48 என்று சோவியத் முன்னிலையில் இருக்க, டக் காலின்ஸ் என்ற இளைஞர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார். கூடைக்கருகில் கீழே தள்ளப்பட்டுக் கம்பத்தின் அடியில் விழுந்தார். மூன்று வினாடிகள் பாக்கி. அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. தலை சுற்றிய நிலையில் முதலாவதைப் போட்டார்; 49-49. இரண்டாவதை எறியத் தயாராகும் கணத்தில் மேசையிலிருந்து மணி ஒலித்தது. அவர் நிற்கவில்லை. அதையும் போட்டார். 50-49.

எல்லாக் குழப்பமும் அந்த மணியில் இருக்கிறது. சோவியத் பயிற்சியாளர் கொண்ட்ராஷின் டைம் அவுட் கேட்டிருந்ததாக அவர்கள் சொன்னார்கள். அன்றைய விதிப்படி இரண்டாவது எறிதலுக்குப் பிறகு டைம் அவுட் கொடுக்க முடியாது. அதற்கு முன்னால்தான் கொடுக்க வேண்டும். மேசையிலிருந்தவர்கள் அதைத் தவறவிட்டார்களா, கேட்ட விதம் தவறா என்பதில் இன்றுவரை இரு கட்சிகள் உண்டு. சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்து ஆடத் தொடங்கியது. மேசையருகே எழுந்த அமளியால் ஒரு வினாடி பாக்கியிருக்கும்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இரு நடுவர்களில் ஒருவர் பிரேசில் நாட்டவர், ரிகெட்டோ. மற்றவர் பல்கேரியர், அரபாஜியன். தங்களுக்குள் சரளமாகப் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழிகூட இல்லாதவர்கள்.

அப்போதுதான் ஜோன்ஸ் தம் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். மூன்று விரல்களை உயர்த்தினார். கடிகாரத்தில் மூன்று வினாடிகளைத் திரும்ப வைக்கச் சொன்னார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இப்படி ஆணையிட ஃபீபாவின் செயலாளருக்கு விதிப்படி எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் ஃபீபா என்றால் ஜோன்ஸ், ஜோன்ஸ் என்றால் ஃபீபா என்றிருந்த காலம் அது. யாரும் மறுக்கவில்லை.

மீண்டும் பந்து உள்ளே எறியப்பட்டது. கடிகாரம் இன்னும் சரிசெய்து முடிக்கப்படவில்லை. பலகையில் 50 வினாடி என்று காட்டிக்கொண்டிருந்தது. எறிந்த பந்து வீணாயிற்று. மணி ஒலித்தது. அமெரிக்கர்கள் வென்றுவிட்டதாகத் துள்ளினார்கள். பார்வையாளர்கள் தளத்துக்குள் புகுந்தார்கள். கடிகாரம் சரியாக வைக்கப்படாததால் இதுவும் செல்லாது என்று அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மூன்றாம் முறை. இவான் எடெஷ்கோ தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தை வீசினார். இரண்டு அமெரிக்கர்களுக்கு நடுவே எழும்பிய அலெக்சாந்தர் பெலோவ் அதைப் பிடித்தார். இருவரும் நிலைகுலைய, தனியாக நின்று கூடைக்குள் போட்டார். 51-50.

ரிகெட்டோ ஆட்டக் குறிப்பேட்டில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்கா முறையிட்டது. ஐவர் குழு விசாரித்தது. ஹங்கேரி, போலந்து, கியூபா, இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அதன் உறுப்பினர்கள். 3-2 என்று முறையீடு தள்ளுபடியாயிற்று. எந்த மூன்று, எந்த இரண்டு என்று பனிப்போர்க் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க வீரர்கள் பன்னிருவரும் வெள்ளிப் பதக்கத்தை வாங்க வரவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் வாங்கவில்லை. அவர்களுள் ஒருவரான கென்னி டேவிஸ், தன் மனைவியோ பிள்ளைகளோகூட அதைப் பெற்றுக்கொள்ளக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பந்தைப் போட்ட பெலோவ் 1978-ல், 26 வயதில் இறந்துபோனார். ரஷ்யாவில் 2017-ல் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு திரைப்படம் வந்து பெரும் வசூல் செய்தது. ஒரே மூன்று வினாடிகள். ஒரு நாட்டில் அதன் பெயர் திருட்டு. இன்னொரு நாட்டில் அதன் பெயர் அற்புதம்.

ஆறப்போட்டு யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. மணி தவறான நேரத்தில் ஒலித்தது. டைம் அவுட் கோரிக்கையை மேசை கையாண்ட விதம் குழப்பமானது. அந்தக் கோரிக்கை உரிய நேரத்தில் வந்திருந்தால் சோவியத் அணிக்கு அந்த மூன்று வினாடிகள் நியாயமாகவே சேர வேண்டியவை. ஜோன்ஸ் செய்த திருத்தம் சரியான திருத்தமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அது ஒருபோதும் ஏற்கப்படவில்லை. ஏனெனில் அது வந்த வழி யாருக்கும் புலப்படவில்லை. மேசையில் என்ன நடந்தது, யார் எப்போது கேட்டார்கள், எந்த விதியின்கீழ் திருத்துகிறோம் என்று எவரும் எவருக்கும் காட்டவில்லை. மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து மூன்று விரல்களைக் காட்டினார், அவ்வளவுதான்.

*

இதற்கு நேரெதிரான ஒரு திருத்தம் நம் சேப்பாக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆட்டம் வேறு, கேள்வி ஒன்றே.

1987 அக்டோபர் 9, உலகக்கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த பந்து ஒன்று எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததா, முன்னே விழுந்து தாண்டியதா என்ற ஐயம் எழுந்தது. நடுவர்கள் நான்கு என்று கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் எண்ணிக்கை 268. இடைவேளையில் ஆஸ்திரேலிய அணி நிர்வாகம் முறையிட்டது. இந்தியத் தலைவர் கபில்தேவ் அது ஆறுதான் என்று ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை 270 ஆயிற்று. இந்தியா கடைசி ஓவரில், ஒரு பந்து பாக்கியிருக்க, 269-க்கு ஆட்டமிழந்தது. ஒரே ஓட்டத்தில் தோல்வி. கபில் மௌனமாக இருந்திருந்தால் இந்தியா வென்றிருக்கும்.

அந்தத் தோல்வி எவ்வளவு வலித்தது என்பதை அன்று வானொலியோடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் அறிவார்கள். ஆனால் அந்த இரண்டு ஓட்டங்களைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. மியூனிக்கில் நடந்ததும் ஆட்டத்தின் நடுவே செய்யப்பட்ட திருத்தம்தான், சேப்பாக்கத்தில் நடந்ததும் அதுதான். இங்கே இழப்பவனிடம் கேட்டுவிட்டுத் திருத்தினார்கள், இழந்தவனே ஆம் என்றான். தோலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இருவரும் பார்த்தார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1986 செப்டம்பர் 22 அன்று, அதே மைதானத்தில் அதே இரு அணிகள் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. வெல்ல ஒரு ஓட்டமே தேவை என்ற நிலையில் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங்குக்கு எதிராக நடுவர் விக்ரம்ராஜு எல்.பி.டபிள்யூ கொடுத்தார். பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் சாதித்தார். பட்டதா என்று திரும்பக் காட்ட அன்று எந்த வழியும் இல்லை. விக்ரம்ராஜு அதற்குப் பிறகு ஒரு டெஸ்டிலும் நிற்கவில்லை. உலகில் சமனில் முடிந்த டெஸ்டுகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றை முடித்துவைத்த விரல் அவருடையது. நினைவு அவருக்குக் கொடுத்த பரிசு ஒரு சந்தேகம் மட்டுமே. காட்ட வழியில்லாத தீர்ப்பு தோற்றவனை மட்டுமல்ல, தீர்ப்பளித்தவனையும் வதைக்கிறது.

1999 ஜனவரி 31-ஐயும் இத்துடன் சேர்க்கலாம். சச்சின் 136 எடுத்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்ற நாள். கங்குலியின் ஆட்டமிழப்பைப் பற்றி ஐயங்கள் இருந்தன. இருந்தும் சேப்பாக்கம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. சச்சினுக்குப் பின் விக்கெட்டுகள் சரிந்ததை ஒவ்வொரு பந்தாக அந்தக் கூட்டம் கண்ணால் பார்த்திருந்தது. தோல்வி வந்த பாதை முழுக்க வெளிச்சத்தில் இருந்தது.

*

காட்டும் கருவிகள் இன்று பெருகிவிட்டன. பிழையும் புகாரும் குறைந்தனவா?

2002-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் மோதின. நான்காம் ஆட்டத்தில் இடைவேளை மணிக்குப் பிறகு கையை விட்டுப் போன ஒரு பந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கப்பட்டது. லேக்கர்ஸ் ஒரு புள்ளியில் வென்றது. அடுத்த பருவத்திலேயே நடுவர்கள் பதிவை ஓட்டிப் பார்க்கும் முறை வந்தது. அதே தொடரின் ஆறாம் ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ கிடைத்தன. சாக்ரமெண்டோ ரசிகர்களின் கொதிப்பு, நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் என்.பி.ஏ. ஆணையருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. முதலாவது பிழை அளக்கக்கூடியது. அதற்குக் கருவி மருந்தாயிற்று. இரண்டாவது வாசிப்பைப் பற்றியது. அதற்கு மருந்து கிடைக்கவில்லை. 2007-ல் டிம் டோனகி என்ற நடுவர் சூதாட்டத் தொடர்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது பழைய காயங்கள் அனைத்தும் ஒரே நாளில் திறந்துகொண்டன. ஒரு நடுவர் விலைபோனால் மற்ற நடுவர்களின் நேர்மையான பிழைகளும் பின்னோக்கிக் கறைபடுகின்றன.

அதே 2007 டிசம்பரில் நடந்த ஒரு சிறிய பிழையின் கதை வேடிக்கையும் சோகமும் கலந்தது. அட்லாண்டாவில் மயாமி ஆடியபோது ஷாகில் ஓ'நீலின் ஐந்தாவது ஃபவுலை மேசையிலிருந்தவர்கள் ஆறாவது என்று எண்ணி அவரை வெளியேற்றிவிட்டார்கள். மயாமி தோற்றது, முறையிட்டது. என்.பி.ஏ. தவற்றை ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசி 51.9 வினாடிகளை மறுபடி ஆடச் சொன்னது. 2008 மார்ச் 8 அன்று அதை ஆடினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓ'நீல் வேறு அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். யாருக்கு இழைத்த தவற்றுக்காக ஆட்டம் திரும்ப நடந்ததோ அவர் அங்கே இல்லை. 51.9 வினாடிகளில் இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதே அணிதான் வென்றது.

2015 முதல் என்.பி.ஏ. இன்னொரு காரியம் செய்கிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் நடுவர்கள் செய்த ஒவ்வொரு தீர்ப்பும் சரியா தவறா என்று மறுநாள் அறிக்கை வெளியிடுகிறது. ஆம், உங்கள் அணிக்கு எதிராக ஊதப்பட்ட அந்தச் சீழ்க்கை தவறானது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லிவிடும். முடிவு மட்டும் மாறாது. இதனால் என்ன பயன் என்று ரசிகர்கள் கசப்புடன் கேட்கிறார்கள், நடுவர்களும் கேட்கிறார்கள். 2019-ல் பயிற்சியாளருக்கே ஒரு தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கேட்கும் உரிமை வந்தது. இதை நான் முன்னேற்றம் என்பேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கும் உரிமை, கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டியவனிடம் இருக்கிறது. மறுநாள் வரும் உண்மைக்கும் அன்றே காட்டப்படும் உண்மைக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

*

காலம் தாழ்ந்து வரும் தீர்ப்பை இந்தத் தோல் பூமி வேறொரு களத்தில் அறிந்திருக்கிறது. விளையாட்டையும் வாழ்வையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்து மனிதர்கள் தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது அவர்கள் மனதில் என்ன ஓடும் என்பதைத் தவிர்த்துவிட்டு இங்கே எதையும் எழுத முடியாது. தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போனது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று என்று சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 28 ஆண்டுகள் கழிந்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கும்படி அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. 1996-ல் அந்தத் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்த முதியவர்கள் எத்தனை பேர் 2025-ல் இருந்தார்கள்? 51.9 வினாடிகள் திரும்ப ஆடப்பட்டபோது ஓ'நீல் இல்லாததைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

தோற்ற அணியின் ரசிகனை நாம் கொஞ்சம் இளக்காரமாகவே பார்க்கிறோம். தோல்வியைத் தாங்கத் தெரியாதவன், நடுவர்மீது பழிபோடுபவன் என்று. அந்தக் குணமும் அவனிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே நடுவர் எங்கள் பக்கம் தவறு செய்த இரவுகளில் நாங்கள் யாரும் மேசையைச் சூழ்ந்து நின்றதில்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் ஒரு நியாயமான கோரிக்கையும் புதைந்திருக்கிறது. ஆட்டம் என்பது இரு தரப்பும் ஒரே விதியை நம்பி உள்ளே நுழைவது. பிழை நேர்ந்தால் அந்த நம்பிக்கை உடைவதில்லை. மனிதக் கண் தவறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிழையோ திருத்தமோ மூடிய கைக்குள் நடக்கும்போதுதான் உடைகிறது.

நெய்ஸ்மித்தின் பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் நம் ஊர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களை உருவாக்கினார். இன்னொருவர் அந்த ஆட்டத்தை உலகெங்கும் கட்டியெழுப்பி, ஒரு நள்ளிரவில் மூன்று விரல்களால் அதில் ஆறாத காயம் ஒன்றையும் உண்டாக்கினார். இருவரும் ஒரே விதிகளைத்தான் படித்தார்கள். விதியைப் பற்றிய அறிவு குறைந்ததால் வந்த காயம் அல்ல அது.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் இப்போது மின்னணுப் பலகை வந்துவிட்டது. வினாடியின் பத்தில் ஒரு பங்கும் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. ஒரு புள்ளியில் தோற்ற இரவுகளில் கூட்டம் இன்னமும் மேசையைத்தான் சூழ்ந்து நிற்கிறது. அவர்களை விரட்டுவதற்கு முன் அந்தப் பலகையை அவர்கள் பக்கம் ஒருமுறை திருப்பிவைக்கலாம்.